மருந்துலக மேதை சுப்பாராவ்

புற்றுநோய் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் இல்லங்களில் ஒருவகை மௌனம் குடிபுகுந்துவிடுகின்றது. நோயைக் கண்டு அஞ்சுவோர் ஒருபுறம் இருக்க, அதற்கெனத் தரப்படும் மருந்தைக் கண்டு அதனினும் மிகுதியாக அஞ்சுவோரும் நம்மிடையே உளர். தலைமயிர் உதிர்கின்றது, வாய் புண்ணாகின்றது, உண்ட உணவு தங்குவதில்லை. நோய் செய்யாத கேட்டை மருந்தே செய்துவிடுகின்றது என்று அங்கலாய்த்து, சிகிச்சையை நடுவில் கைவிட்டு ஊர் திரும்பிய குடும்பங்கள் பல. அம்மருந்து உடலினுள்ளே என்ன செய்கின்றது என்பதை அறிந்துகொண்டால் இவ்வச்சத்தில் ஒரு பாதி தானே அகன்றுவிடும் என்பது நமது துணிபு.

அதனை அறிந்துகொள்ளச் சிறந்த வழி, அத்தகைய மருந்துகளுள் முன்னோடியானவற்றை உலகுக்கு அளித்த ஒருவரின் வரலாற்றை அறிவதேயாகும். அவர் பழைய சென்னை மாகாணத்தில் பிறந்தவர், திருவல்லிக்கேணியில் பயின்றவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டயம் பெற்றவர், கடல் கடந்து சென்று, தாயகம் திரும்பாமலேயே மறைந்தவர். அவர்தாம் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இளமையும் கல்வியும்

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12-ஆம் நாள், கோதாவரி பாயும் வளநாட்டில் பீமவரம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம்; தாயார் வெங்கம்மாள். மக்கள் எழுவர், வருவாயோ சிறிது. பள்ளிப் படிப்பில் சுப்பாராவுக்கு நாட்டம் செல்லவில்லை. பதின்மூன்று வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பெரும்பொருள் ஈட்டலாம் என எண்ணி வீட்டைவிட்டு ஓடினார். வழியிலேயே பிடித்துக் கொண்டுவரப்பட்டார். பின்னாளில் உலகம் போற்றிய விஞ்ஞானி, மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாவது முயற்சியில்தான் வெற்றி கண்டார் என்றால் இன்றைய மாணவமணிகள் வியப்படையக்கூடும். அவ்வெற்றியை அவர் பெற்றது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில்.

1913-இல் தந்தையார் மறைந்தார். மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்த நாட்களில் இராமகிருஷ்ண இயக்கம் அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. துறவு பூண விழைந்தார். தாயார் இசையவில்லை. துறவு வழியாகச் செய்ய எண்ணிய தொண்டை மருத்துவம் வழியாகச் செய்யலாம் என்னும் எண்ணம் அவரை மருத்துவக் கல்லூரியில் கொண்டு சேர்த்தது. நண்பர்களும், பின்னர் மாமனாராக வாய்த்த கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் படிப்புச் செலவை ஏற்றனர்.

காந்தியடிகள் அந்நியத் துணியைத் துறக்குமாறு நாட்டை அழைத்த காலம் அது. சுப்பாராவ் கதராலான அங்கியை அணிந்து அறுவை மருத்துவ வகுப்புக்குச் சென்றார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. ஏட்டறிவில் குறையில்லாதிருந்தும், எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. தாழ்ந்த தரத்ததாகிய எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அச்சான்றிதழைக் கொண்டு மாகாண அரசின் மருத்துவப் பணியில் சேர இயலவில்லை. எனவே சென்னையிலிருந்த ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியராக அமர்ந்தார்.

இக்காலத்தில்தான் அவர் வாழ்வின் திசையை மாற்றிய துயரம் நேர்ந்தது. சில நாள் இடைவெளியில் உடன்பிறந்தார் இருவரை இழந்தார். அவரையும் ஸ்புரூ என்று மேனாட்டு மருத்துவம் பெயரிட்ட கொடிய கழிச்சல் நோய் பற்றியது. உண்பது உடலில் ஒட்டாமல், குருதி வெளிறி, உடல் நாளுக்கு நாள் தேய்ந்து போகும் நோய் அது. ஆயுர்வேத அறிஞர் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் மருத்துவம் அவரைக் காத்தது. உயிர் பிழைத்தவர் இத்தகைய நோய்களின் வேரைக் காண வேண்டும் என்று உறுதி பூண்டார். மாமனாரின் உதவியும் ஓர் அறநிலையத்தின் உதவியும் பெற்று, இளம் மனைவி சேஷகிரியைத் தாயகத்தில் விட்டு, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரை அடைந்தார். சில ஆண்டுகளில் திரும்பிவிடுவதாகவே அவர் எண்ணம் இருந்தது. ஆனால் அவர் மனைவியை மீண்டும் காணவே இல்லை.

அயல்நாட்டு வாழ்க்கை

பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு வந்த நமக்கு, அவருடைய முதல் ஆண்டுகள் நன்கு விளங்கும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பகலில் படிப்பு. இரவில் மருத்துவமனையொன்றில் நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவும் வேலை. மருத்துவம் கற்ற ஒருவர் அவ்வேலையைச் செய்ய நாணவில்லை. பட்டயம் பெற்றபின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் பிஸ்கே என்பவருடன் சேர்ந்தார்.

1925-இல் இவ்விருவரும் குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸின் அளவை எளிதில் காணும் முறையொன்றை வெளியிட்டனர். பிஸ்கே–சுப்பாராவ் முறை என்று உயிர்வேதியியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றது அதுவே. அம்முறையின் துணைகொண்டு 1927-இல் தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளையும், 1929-இல் ஏ.டி.பி. என்னும் பொருளையும் பிரித்துக் கண்டனர். ஏ.டி.பி.யை அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பாரும் தனியே கண்டார். உயிரணு ஒவ்வொன்றும் தன் அன்றாடச் செலவுக்கு எடுத்தாளும் ஆற்றல் நாணயம் இந்த ஏ.டி.பி.யே. 1930-இல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார்.

இத்தனை செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி வாய்க்கவில்லை. 1940-இல் அதைவிட்டு நீங்கி, நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, விரைவிலேயே ஆராய்ச்சித் தலைவரானார்.

போலிக் அமிலம்

இனி நாம் சற்று நின்று, ஒரு சிறு பொருளின் கதையைக் காண வேண்டும். அதன் தொடக்கம் நம் நாட்டிலேயே அமைந்தது. 1928-இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்கள் கடுமையான சோகையால் மெலிவதை ஆராய்ந்தார். பம்பாயிலும், சிறிது காலம் நீலகிரியில் குன்னூரிலும் அவ்வாய்வு நடந்தது. ஈரலிலும் ஈஸ்ட்டுச் சாற்றிலும் உள்ள ஏதோ ஒரு பொருள் அச்சோகையைப் போக்குவதை அவர் கண்டு, 1931-இல் வெளியிட்டார். அப்பொருள் யாதென்று அன்று தெரியவில்லை. 1941-இல் அமெரிக்க அறிஞர்கள் பசலை வகைக் கீரையிலிருந்து அதனைப் பிரித்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து போலிக் அமிலம் எனப் பெயரிட்டனர்.

ஆனால் வண்டி வண்டியாகக் கீரையைப் பிழிந்தாலும் கிடைப்பது மிகச் சிறிதளவே. மருந்தாகத் தரவேண்டுமாயின் அதனை ஆராய்ச்சிச்சாலையில் ஆக்கும் வழி தெரிய வேண்டும். சுப்பாராவின் தலைமையில் லெடர்லி வேதியியலார் குழு இப்பணியில் இறங்கியது. 1945-இல் வெற்றி கிட்டியது. சோகையுற்ற கருவுற்ற பெண்களுக்கு அது பயன்பட்டது; ஸ்புரூ நோயாளிகளையும் அது தேற்றியது. தம் குடும்பத்தை வாட்டிய நோய்க்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின் சுப்பாராவின் கூட்டத்தாரே மருந்து ஆக்கித் தந்தனர். இன்று நம் காலனியில் கருவுற்ற பெண்ணுக்கு மருத்துவர் முதலில் எழுதித் தரும் மாத்திரைகளுள் ஒன்று இதுவே.

நண்பனைப் போன்ற பகைவன்

உணவாகிய இப்பொருளிலிருந்து புற்றுநோய் மருந்து பிறந்த கதை வியப்பானது. பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி பார்பர் என்னும் மருத்துவர் இருந்தார். குருதிப் புற்றுநோயால் வருந்திய குழந்தைகள் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இறப்பதை அவர் கண்டார். அதற்கு மருந்தே இல்லாத காலம் அது. போலிக் அமிலத்தோடு தொடர்புடைய பொருள்களைச் சுப்பாராவிடமிருந்து பெற்று நோயாளிகளுக்குத் தந்து பார்த்தார். குருதிப் புற்றுநோய் தணியவில்லை; மாறாக அது விரைவு கொண்டதாகவே அவருக்குத் தோன்றியது. சோர்ந்துபோயிருக்க வேண்டிய இடத்தில் அவர் சிந்தித்தார். போலிக் அமிலம் நோயை வளர்க்குமாயின், அதனைத் தடுக்கும் பொருள் நோயை ஒடுக்க வேண்டுமன்றோ?

அத்தகைய பொருள்களைச் சுப்பாராவின் கூட்டத்தார் ஆக்கித் தந்தனர். போலிக் அமிலத்தின் வடிவில் மிகச் சிறியதொரு மாற்றம்: ஓரிடத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டியதற்குப் பதிலாக நைட்ரஜன் கொண்ட சிறு கூட்டம். பார்வைக்கு இரண்டும் உடன்பிறப்புகள். செயலில் ஒன்று நண்பன், மற்றது பகைவன். அதுவே அமினோப்டெரின். சற்றே வேறுபட்ட அதன் தம்பி, மெத்தோட்ரெக்ஸேட்.

இப்பகைவன் செய்யும் வேலையை நம் வீட்டருகே நடக்கும் கட்டட வேலையைக் கொண்டு விளக்கலாம். உயிரணு ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டுமாயின், தன் மரபுக் குறிப்பு முழுவதையும், அதாவது டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையை, மறுபடி எழுதி இரு படிகளாக்க வேண்டும். அவ்விழைக்குரிய செங்கற்களுள் ஒன்று தைமின். அதனை முடிப்பதற்கு வேண்டிய கரித்துணுக்கைச் சுமந்து வந்து தரும் சிற்றாளே போலிக் அமிலம். ஒருமுறை சுமையை இறக்கியபின் அச்சிற்றாள் களைத்து நிற்கின்றான். அவனை மறுபடி வேலைக்குத் தகுதியாக்கி அனுப்பும் கங்காணி போன்ற நொதி ஒன்று உயிரணுவில் உண்டு. மெத்தோட்ரெக்ஸேட் சிற்றாளின் வேடத்தில் வந்து அந்தக் கங்காணியின் கையை இறுகப் பற்றிக்கொள்கின்றது. மெய்யான சிற்றாளைவிடப் பன்மடங்கு இறுக்கமாகப் பற்றுவதால் கங்காணியால் விடுபட முடிவதில்லை. களைத்த சிற்றாட்கள் வரிசையில் நிற்கின்றனர், செங்கல் வரவில்லை, சுவர் பாதியில் நிற்கின்றது.

சுவர் வெறுமனே நின்றுவிடுவதோடு முடிவதில்லை. தைமின் கிடைக்காத உயிரணு, அதன் இடத்தில் யுராசில் என்னும் பொருந்தாத கல்லை வைத்துக் கட்டிவிடுகின்றது. பழுது பார்க்கும் நொதிகள் அக்கல்லைப் பிடுங்கி எறிகின்றன. மீண்டும் அதே கல்லே வைக்கப்படுகின்றது. வைப்பதும் பிடுங்குவதுமாக இழை துண்டு துண்டாக அறுகின்றது. இனிச் சீர்செய்ய இயலாது என்னும் நிலை வந்ததும், உயிரணு தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் ஏற்பாடு அதனுள்ளேயே இயங்கத் தொடங்குகின்றது. மருந்து புற்றணுவைக் கொல்வது இவ்வாறே.

இம்மருந்து புற்றணு எது, நல்லணு எது என்று அறியாது. எது விரைந்து பிரிகின்றதோ அதனையே அது மிகுதியாகத் தாக்குகின்றது. புற்றணு ஓயாமல் பிரிவது. ஆகவே அது வீழ்கின்றது. குருதியை ஆக்கும் எலும்பு மச்சையும், வாயிலும் குடலிலும் உள்ள மெல்லிய தோலும் இடைவிடாமல் புதுப்பிக்கப்படுவன. ஆகவே அவையும் அடிபடுகின்றன. விரைந்து பிரியும் அணுக்களைத் தாக்கும் வேறுபல மருந்துகளால் மயிரின் வேர் பாதிக்கப்படுவதும் இக்காரணம் பற்றியே. மயிர் உதிர்வதும் வாய் புண்ணாவதும் நோய் முற்றியதன் அறிகுறிகள் அல்ல. நல்லணுக்கள் பெரும்பாலும் மீண்டு எழுகின்றன. மயிரும் மீண்டும் முளைக்கின்றது. அவை தேறுவதற்கு இடைவெளி விட்டே மருத்துவர் அடுத்த வேளை மருந்தைத் தருகின்றார்.

முதல் வெற்றியும் அதன் எல்லையும்

1947-ஆம் ஆண்டின் இறுதியில் பார்பர், குருதிப் புற்றுநோயால் சாகக் கிடந்த சிறு குழந்தைக்கு அமினோப்டெரினைத் தந்தார். எல்லையின்றிப் பெருகிய வெள்ளணுக்கள் குறைந்தன. குழந்தை எழுந்து விளையாடியது. 1948 ஜூனில் அவர் வெளியிட்ட அறிக்கையில், மருந்து பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்தது எனக் குறித்தார். ஆனால் தணிந்த நோய் சில மாதங்களில் திரும்பியது. அம்மருந்தால் அக்குழந்தைகள் வாழ்ந்தது சிறிது காலமே.

நோய் ஏன் திரும்பியது? எல்லாப் புற்றணுக்களும் ஒரே வேளையில் பிரிவதில்லை. ஒதுங்கிக் கிடப்பன மருந்துக்குத் தப்புகின்றன. ஒவ்வொரு வேளை மருந்தும் இருப்பவற்றுள் ஒரு பங்கையே அழிக்கின்றது. எஞ்சிய பங்கு மீண்டும் பெருகுகின்றது. மேலும் சில அணுக்கள் அந்தக் கங்காணி நொதியை அளவிறந்து பெருக்கிக்கொண்டும், சில மருந்து உள்ளே வரும் வாயிலை அடைத்துக்கொண்டும் பிழைக்கின்றன.

ஒரு மருந்துக்குத் தப்பியதை மற்றொரு மருந்தால் மடக்கலாம் என்று பின்வந்தோர் கண்டனர். ஜெர்ட்ரூட் எலியான், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஆகியோர் ஆக்கிய மெர்காப்டோபியூரின், டி.என்.ஏ.யின் வேறொரு செங்கல்லுக்குப் போலியாக நின்று வேலையைக் கெடுப்பது. நம் வீட்டு முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைத்த வின்கிரிஸ்டின், பிரியும் அணுவை இருபுறமும் இழுத்துப் பிரிக்கும் நுண்கயிறுகளைப் பின்னவொட்டாமல் தடுப்பது. 1960-களில் இவற்றை மெத்தோட்ரெக்ஸேட்டோடும் பிரெட்னிசோனோடும் சேர்த்துத் தரத் தொடங்கினர். மருந்து எளிதில் எட்டாத மூளையில் புற்றணுக்கள் ஒளிந்துகொள்ளாதபடி, மெத்தோட்ரெக்ஸேட்டை முதுகுத்தண்டு நீரிலும் செலுத்தினர். இம்முறை வளர்ந்து வளர்ந்து, குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் குருதிப் புற்றுநோய் வகையில், செல்வ நாடுகளில் பத்துக் குழந்தைகளுள் எட்டுக்கும் மேற்பட்டவை இன்று நலம் பெறுகின்றன. இதனிடையே, 1956-இல் மின் சியூ லி, ராய் ஹெர்ட்ஸ் என்னும் இருவர், கருப்பையில் தோன்றிப் பரவும் ஒருவகைப் புற்றுநோயை மெத்தோட்ரெக்ஸேட் ஒன்றாலேயே தீர்க்கலாம் எனக் காட்டினர்.

மறைவு

இவற்றுள் எதையும் காணச் சுப்பாராவ் இருக்கவில்லை. பார்பரின் அறிக்கை வெளிவந்து இரண்டு திங்களே சற்றுக் கடந்திருந்தது; 1948 ஆகஸ்டில், நியூயார்க்கில், மாரடைப்பால் உயிர் நீத்தார். வயது 53. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களை ஒடுக்கும் டைஈதைல்கார்பமசின் என்னும் மருந்து, அவருடைய குழுவினர் 1947-இல் வெளியிட்டதே. நம் நாட்டின் பல ஊர்களில் அரசினர் அதனைக் கொடுத்து வந்திருக்கின்றனர். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தாகிய ஆரியோமைசினைப் பெஞ்சமின் டக்கர் கண்டதும் சுப்பாராவ் தலைமை வகித்த அதே ஆராய்ச்சிச்சாலையில்தான். இவ்வளவுக்கும் அவர் தம் பெயரை முன்னிறுத்தவில்லை. நோபல் பரிசு அவரைத் தேடி வரவில்லை. 1995-இல், அவர் பிறந்த நூற்றாண்டில், இந்திய அரசு அஞ்சல்தலை ஒன்றை வெளியிட்டது.

நாம் கொள்ள வேண்டியது

அவர் வரலாற்றைப் படித்துப் பெருமை கொள்வதோடு நாம் அமைந்துவிடுதல் ஆகாது. அவர் தந்த மருந்தின் இயல்பிலிருந்து நம் இல்லங்களுக்கு மூன்று செய்திகள் உண்டு.

முதலாவது, நோய் தணிந்ததும் மருந்தை நிறுத்திவிடலாகாது. குழந்தையின் முகத்தில் களை திரும்பியதும், குருதிப் பரிசோதனை நன்றாக வந்ததும் பயணச்சீட்டு எடுத்து ஊருக்குக் கிளம்பிவிடும் பெற்றோர் இன்றும் உளர். பார்பர் கண்ட முதல் குழந்தைகளின் கதையே அங்கு மீண்டும் நிகழ்கின்றது. கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சியவற்றை அழிக்கவே சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீள்கின்றது. நம் நாட்டில் பிழைக்கும் குழந்தைகளின் விகிதம் குறைந்திருப்பதற்கு, சிகிச்சையை நடுவில் விட்டுவிடுதல் ஒரு பெருங்காரணம். சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் எழுந்த புற்றுநோய் மருத்துவமனையும், பம்பாயில் 1941 முதல் இயங்கிவரும் டாடா நினைவு மருத்துவமனையும் போன்றவை இருக்க, விலகிச் செல்லுதல் வேண்டா. ஊர் மாற நேர்ந்தால், மருத்துவரிடம் சிகிச்சைக் குறிப்பைப் பெற்றுக்கொண்டு, செல்லும் ஊரில் தொடரலாம்.

இரண்டாவது, சத்து மாத்திரை தானே என்று எதையும் மருத்துவரைக் கேளாமல் கொடுத்தல் கூடாது. உயிர்ச்சத்தாகிய போலிக் அமிலமும் அதன் பகைவனாகிய மருந்தும் ஒரே வாயிலில் மோதிக்கொள்வன என்பதை மேலே கண்டோம். எப்போது சேர்க்க வேண்டும், எப்போது விலக்க வேண்டும் என்பதை மருத்துவரே அறிவார்.

மூன்றாவது, இதே மெத்தோட்ரெக்ஸேட்டை மிகச் சிறிய அளவில் மூட்டுவாதத்திற்கும் தோல் நோய்க்கும் தருகின்றனர். அதனை வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் உண்ணத்தக்க மாத்திரை என மயங்கி உண்டு உயிரிழந்தோர் உண்டு. வீட்டில் முதியோர் இம்மாத்திரையை உண்பாராயின், உண்ணும் கிழமையை இளையோர் பெரிய எழுத்தில் எழுதி மருந்துப் பெட்டியின்மேல் ஒட்டிவைப்பது கடமையாகும்.

மூன்று முறை தேர்வெழுதியவர், கதர் அணிந்ததால் பட்டம் இழந்தவர், அயலூரில் இரவெல்லாம் கலங்களைக் கழுவியவர் ஆக்கிய மருந்து, இன்றும் ஏதோ ஒரு மருத்துவமனைக் கட்டிலில் ஒரு குழந்தையின் உடலில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கின்றது. அக்கட்டிலின் அருகே அமர்ந்திருக்கும் தாய்க்கு அவர் பெயர் தெரியாது. நம் சங்கத்துக் குடும்பங்களுக்கேனும் அது தெரிந்திருக்கட்டும். அச்சம் நீங்கிச் சிகிச்சையை முற்றுப்பெறச் செய்வதே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகட்டும்.